விசாரணை நாள்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமைப் பத்திரிகையின் கேள்வி–பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நோயாலோ இயலாமையாலோ சிரமப்படுகிறவர்களுக்கு அரசு தரும் ‘பிப்’ கொடுப்பனவு தனக்கு மறுக்கப்பட்டதாம், மேன்முறையீடு போட்டாயிற்றாம், இனி என்ன செய்ய வேண்டும் என்று. "விசாரணைத் திகதி வரும்வரை பொறுமையாக இருங்கள்" என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பதில் அவருக்கு நன்மை செய்யாது. படிவம் போன நாளுக்கும் விசாரணை நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் காலம் போகிறது. அந்தக் காலத்தில் கோப்பைத் திரும்பத் திறந்து பார்க்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. அவர்கள் வடிவாகப் பார்ப்பார்களா, மேலோட்டமாகப் புரட்டுவார்களா என்பது நாங்கள் அந்த மாதங்களில் என்ன அனுப்பி வைக்கிறோம் என்பதிலும் தங்கியிருக்கிறது. சும்மா இருக்கச் சொல்ல வேண்டாம்.

நான் சட்டத்தரணி இல்லை. வடமேற்கு லண்டனில் ஒரு மருந்துக்கடையில் பல வருடம் நின்று ஓய்வு பெற்றவள். எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பவும், வருகிற கடிதத்தை வாசித்துச் சொல்லவும் சனிக்கிழமைகளில் போய் இருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே என் அக்காவுக்காக இந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

முறை தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். டி.எல்.ஏ. என்ற பழைய இயலாமைக் கொடுப்பனவுக்குப் பதிலாக, வேலை செய்யும் வயதில் உள்ளவர்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது பிப். அன்றாட வாழ்க்கைக்கு 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை. முடிவு பிழை என்றால் ஒரு மாதத்துக்குள், அதை எடுத்த வேலை–ஓய்வூதியத் துறையிடமே ‘கட்டாய மறுபரிசீலனை’ கேட்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் அந்தக் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயம் நமது மேன்முறையீட்டின் பிரதியைத் துறைக்கு அனுப்பும். துறை 28 நாளுக்குள் பதில் எழுதி, படிவம், துறைக்காக நம்மை மதிப்பிட்டவர் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை, வைத்தியர் கடிதம் எல்லாவற்றையும் பக்க எண் போட்டு ஒரு தடித்த கட்டாக நமக்கும் தீர்ப்பாயத்துக்கும் அனுப்பும். ஸ்கொட்லாந்தில் இப்போது வேறு கொடுப்பனவு, வேறு முறை. நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பதிலை எழுதுவதற்காகவாவது துறையில் யாரோ ஒருவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாக வேண்டும். வாசிக்கும்போது முதல் முடிவு பிழை என்று கண்டால், விசாரணைக்குக் காத்திராமலே மாற்றலாம். 1998ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆகவே விசாரணைக்கு முந்திய மறுபார்வை என்பது யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. ஏற்கெனவே இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதில்தான் என் கவலை.

விசாரணைவரை போகிற பிப் மேன்முறையீடுகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவர் பக்கமே முடிகின்றன. பல வருடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அப்படித்தான். இதைக் கேட்டவுடன் எங்கள் ஆட்கள் "அப்போ பயமில்லை, போனால் கிடைக்கும்" என்கிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை ஆறுதல் தரவில்லை. அத்தனை பேருக்கும் முதலாவது முடிவு பிழை, இரண்டாவது மறுபரிசீலனையும் பிழை, அதற்குப் பிறகு மாதக்கணக்காகக் கோப்பு கிடந்தும் யாரும் திருத்தவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அந்த மாதங்களில் வாடகையும் மின்கட்டணமும் நிற்பதில்லை. நடுவிலே வழக்கைக் கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுபரிசீலனைக் கடிதத்தோடேயே மனம் விட்டு, தீர்ப்பாயத்துக்கு எழுதாமல் விடுகிறவர்கள் அதைவிட அதிகம் என்று சனிக்கிழமைகளில் நான் பார்க்கிற ஆட்களை வைத்துச் சொல்வேன்.

தீர்ப்பாயத்தில் முடிவு மாறுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் என்ன தெரியுமா? விண்ணப்பித்தவர் நேரில் வாயால் சொன்ன சாட்சியம். புதிய எக்ஸ்ரே, புதிய ஸ்கேன் என்பதைவிட அதுதான் கூடுதலாக இருந்திருக்கிறது. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றி அனுபவம் உள்ள ஒருவர் என்று மூன்று பேர் இருந்து, "காலையில் எழும்பினால் என்ன நடக்கும், சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். அவர் சொல்கிறார். முடிவு மாறுகிறது. அதே கேள்வியை விசாரணைக்குப் பல மாதம் முன்னதாக, கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி தொலைபேசியில் கேட்டால் என்ன? நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: மறுபார்வை என்றால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பேப்பரை மட்டும் வாசித்து முடிக்கக் கூடாது. பேரம் பேசவும் கூடாது.

அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவவுக்கு வலிப்பு நோய். வருமுன் எந்த அறிகுறியும் தெரியாது. பேசிக்கொண்டு நிற்கிற ஆள் அப்படியே விழுவா. ஒருமுறை கெட்டிலைப் பிடித்தபடி விழுந்து கையில் கொதிநீர் பட்டு, தோல் உரிந்து போயிற்று. மாதத்தில் சில தடவை வரும், சில மாதம் கூட வரும். மதிப்பீட்டு அறிக்கையில் எழுதியிருந்தது என்னவென்றால், கைப்பிடிப் பலம் சரியாக இருக்கிறது, பாத்திரம் தூக்க ஏலும், வலிப்பு மாதத்தில் சில நாட்கள்தான், ஆகவே பெரும்பாலான நாட்களில் எல்லாம் தானே செய்யலாம். மறுபரிசீலனையும் அதையே திரும்பச் சொல்லிற்று.

இது ஒரு ஆளின் கருத்துப் பிழை என்றால் விட்டுவிடலாம். இது சட்டப் பிழை. பிப் விதிகளில், ஒரு செயலைப் பாதுகாப்பாகச் செய்ய ஏலாவிட்டால் அது செய்ய ஏலாததாகவே கணக்கு. பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான தடவைகள், நியாயமான நேரத்துக்குள் என்று நான்கு நிபந்தனைகள் எழுதியே வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்த நிலை இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் 2017 மார்ச்சில் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் தெளிவாகத் தீர்த்துவிட்டார்கள். ஆபத்து நடக்கும் நாட்களை எண்ணுவது முறையல்ல. எந்த நாளில் வரும் என்று தெரியாவிட்டால் எல்லா நாளும் ஆபத்துள்ள நாளே. நடக்கும் வாய்ப்புச் சிறிதாக இருந்தாலும், நடந்தால் வரும் கேடு எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் பழைய கோப்புகளைத் திரும்பப் பார்க்கப் போவதாக அரசே அறிவித்தது. வலிப்பு உள்ளவர்கள், குளிக்கும்போது தீ எச்சரிக்கை மணி கேட்காத செவிப்புலன் குறைந்தவர்கள் என்று பலருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், துறையின் கட்டு வந்ததும் நானும் பெறாமகளும் (அக்காவின் மகள்) மேசையில் பரப்பி வைத்துப் பக்கம் பக்கமாக வாசித்தோம். நரம்பியல் வைத்தியரின் கடிதம் கட்டின் நடுவிலேயே இருந்தது. "எச்சரிக்கை இல்லாமல் நினைவிழப்பு" என்று அதில் எழுதியிருந்தது. மதிப்பீட்டு அறிக்கையில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பக்க எண்ணையும், அறிக்கையின் பக்க எண்ணையும், 2017 தீர்ப்பையும் குறித்து ஒரு பக்கத்தில் எழுதினோம். பெறாமகள் தன் போனில் வலிப்பு வந்த திகதிகளைக் குறித்து வைத்திருந்தாள். அதையும் அச்செடுத்து வைத்தோம். விசாரணைத் திகதி கொடுக்கப்படும் முன்பே தீர்ப்பாயத்துக்கு அனுப்பினோம்.

சில காலம் போக, ஒரு அதிகாரி கூப்பிட்டார். முதலில் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். குளிக்கும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? கதவைப் பூட்டுவீர்களா? கடைசியாக விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எழும்பிய பிறகு எவ்வளவு நேரம் குழப்பமாக இருக்கும்? வெளியே தனியே போய் எத்தனை காலம்? அக்கா, கதவைப் பூட்டுவதில்லை, மகள் வெளியே கதிரை போட்டு இருப்பாள் என்றா. அந்த ஒரு பதில் முந்திய எந்தப் படிவத்திலும் இல்லை, ஏனென்றால் யாரும் அவவிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை அக்கா தானாகச் சொல்லியிருக்கவும் மாட்டா. மகள் குளியலறைக்கு வெளியே காவல் இருப்பதைச் சொல்ல அவவுக்கு வெட்கம்.

முடிவு விசாரணைக்கு முன்பே மாறியது. சமைக்கும்போது யாராவது மேற்பார்வைக்கு இருக்க வேண்டும் என்பதற்கு 4 புள்ளி, குளிக்கும்போது மேற்பார்வைக்கு 2 என்று ஒவ்வொன்றாகக் கடிதத்தில் எழுதி, அன்றாட வாழ்க்கைப் பிரிவும் நடமாட்டப் பிரிவும் இரண்டும் கொடுத்தார்கள். அந்த அதிகாரி பெரிய உதவி ஒன்றும் செய்யவில்லை, தன் வேலையைத்தான் செய்தார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அவர்மேல் மதிப்பு இருக்கிறது. கோப்பை வாசித்துவிட்டுத்தான் கூப்பிட்டார் என்பது அவர் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது.

ஆனால் எல்லா அழைப்பும் இப்படி இருப்பதில்லை. "நடமாட்டத்துக்குச் சாதாரணத் தொகை தரலாம், மேன்முறையீட்டை முடித்துக்கொள்கிறீர்களா?" என்று ஒரே கேள்வியோடு வருகிற அழைப்புகளும் உண்டு. எங்கள் ஐயாமார், அம்மாமார் எப்படிப் பதில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அலுவலகத்திலிருந்து யார் பேசினாலும் "ஓம், ஓம், தாங்க் யூ". என்ன கேட்கப்பட்டது என்று மாலையில் பிள்ளை வேலையால் வந்து கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

அந்த ‘ஓம்’ எவ்வளவு விலையுள்ளது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025–26 தொகைப்படி நடமாட்டப் பிரிவின் சாதாரணத் தொகை கிழமைக்கு 29.20 பவுண். அன்றாட வாழ்க்கைப் பிரிவின் சாதாரணத் தொகை 73.90, கூடிய தொகை 110.40. அன்றாட வாழ்க்கைப் பிரிவுக்குத் தகுதியுள்ள ஒருவர் நடமாட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முடித்துவிட்டார் என்று வையுங்கள். அவருக்குப் போகிற 73.90 மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட மனைவிக்குக் கிடைக்கக்கூடிய பராமரிப்பாளர் கொடுப்பனவான 83.30 பவுணும் போகும். ஏனென்றால் அந்தக் கொடுப்பனவுக்கு அன்றாட வாழ்க்கைப் பிரிவு வேண்டும், நடமாட்டப் பிரிவு போதாது. இதைத் தொலைபேசியில் யாரும் விளக்குவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் கேட்கத் தோன்றாது.

சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முடிவு கொஞ்சமாவது நமக்குச் சாதகமாக மாற்றப்பட்டால், நடந்துகொண்டிருக்கும் மேன்முறையீடு அத்தோடு முடிந்துபோகும். நாங்கள் கேட்டது முழுவதும் கிடைத்ததா என்பது கணக்கில்லை. புதிய முடிவை எதிர்த்துத் திரும்ப மேன்முறையீடு செய்யும் உரிமை உண்டு, ஒரு மாதத்துக்குள். ஆனால் அது வரிசையின் கடைசியில் போய் நிற்பதுதான். களைத்துப்போன மனிதர் திரும்பவும் தொடங்குவாரா? பெரும்பாலும் மாட்டார்.

இந்த அழைப்புகளை எதிர்த்து ஒரு பெண் வழக்குத் தொடுத்த பிறகு, 2021இல் துறை தன் உள் வழிகாட்டலை மாற்றியது. தருவதாகச் சொல்லும் தொகையை ஏற்றாலும் மேன்முறையீட்டு உரிமை இருக்கிறது என்பதைக் கூப்பிடுகிறவர் சொல்ல வேண்டும். பிரதிநிதி ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தால் அவரோடு பேச வேண்டும். அந்தப் பெண் செய்தது நம் எல்லோருக்கும் பெரிய காரியம். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்களா என்பதைவிட, கேட்டவருக்கு விளங்கியதா என்பதுதான் எனக்கு முக்கியம். ஆங்கிலத்தில் வேகமாக வாசித்து ஒப்புவிக்கப்படும் உரிமை, ஆங்கிலம் தடுமாறுகிற ஒருவருக்கு உரிமையாகப் போய்ச் சேராது.

இதுவரை சொன்னது துறையின் பக்கத்து மறுபார்வை. தீர்ப்பாயத்தின் பக்கத்திலிருந்தும் ஒன்று நடக்கலாம், அதில்தான் எனக்கு நம்பிக்கை கூட. விசாரணைக்கு முன் ஒரு நீதிபதி கோப்பை வாசித்து, "இது போகிற போக்கைப் பார்த்தால் இப்படித்தான் முடியும்" என்று இரு பக்கத்துக்கும் சொல்வது. இது ஏதோ கனவு என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பிப் வருமுன்பே, டி.எல்.ஏ. மேன்முறையீடுகளில் ஒரு பரீட்சார்த்தம் நடத்தினார்கள். நீதிபதி முன்கூட்டியே கோப்பைப் பார்ப்பார். தோற்கக்கூடிய பக்கம் எதுவோ அந்தப் பக்கத்துக்குப் போன் செய்து தன் கருத்தைச் சொல்வார். 2018 அளவில் இணையவழியாக, நீதிபதிகள் எழுத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி, ஒரு முன்கருத்துச் சொல்லும் முறையைச் சோதித்தார்கள். அப்புறம் 2020இல் கொரோனா வந்து விசாரணை அறைகள் பூட்டப்பட்டபோது, நீதிபதி ஒருவர் ஆவணங்களைப் பார்த்து, கோப்பே போதுமான அளவுக்குத் தெளிவாக இருந்தால் தற்காலிக முடிவு ஒன்றை எழுதி இரு பக்கத்துக்கும் அனுப்பினார். சம்மதம் என்றால் அதோடு முடிந்தது. சம்மதமில்லை என்றால் வழமைபோல விசாரணை.

இந்தக் கடைசி ஏற்பாட்டில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. எதையும் இழக்காமல் வேண்டாம் என்று சொல்லலாம். போனில் வருகிற தொகையைப் போல அந்த நிமிடத்திலேயே ஓமா இல்லையா என்று சொல்ல வேண்டிய நெருக்கடி இல்லை. எழுத்தில் வருகிறது, பிள்ளைகளிடம் காட்டலாம், ஆலோசனை நிலையத்துக்குக் கொண்டு போகலாம், ஒரு இரவு வைத்து யோசிக்கலாம். எழுதுகிறவரும் துறையைச் சேராத நீதிபதி. நெருக்கடிக் காலத்தில் செய்ய முடிந்ததை வழமையான காலத்தில் எல்லாக் கோப்புக்கும் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பேப்பரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் விண்ணப்பித்தவர்கள் தோற்பதுதான் கூட. நேரில் போனவர்கள் வெல்வதும், ஆவணத்தை மட்டும் பார்க்கச் சொன்னவர்கள் தோற்பதும் கூடுதலாக இருப்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே முன்பார்வை என்ற பெயரில் விசாரணையைக் குறைத்து, ஆளைப் பார்க்காமல் தள்ளுபடி செய்யப் போகிறார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் முன்பார்வை ஒரு பக்கத்துக்கு மட்டும் திறக்கிற கதவாக இருக்க வேண்டும் என்கிறேன். கோப்பைப் பார்த்துக் கொடுக்கலாம் என்றால் கொடுங்கள். கொடுக்க முடியாது என்று தோன்றினால் விசாரணைக்கு விடுங்கள். ஆளின் வாயைக் கேட்காமல் மறுக்கும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம்.

துறைக்கும் இதையே சொல்கிறேன். கோப்பைத் திரும்பப் பார்க்கிற அதிகாரி முதலில் கேள்வி கேட்கட்டும். தொகையைப் பிறகு பேசலாம். முடிவை மாற்றுவதென்றால், எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, எதற்கு இல்லை, ஏன் இல்லை என்று எழுத்தில் அனுப்பி, யோசிக்க நாள் கொடுக்கட்டும். விண்ணப்பப் படிவத்தில் தமிழ் என்று குறித்திருப்பவரை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கூப்பிடவே கூடாது. வீட்டில் இருக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்து அம்மாவின் கழிவறைச் சிரமத்தைக் கேட்டுச் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்கும் கொடுமை, தாய்க்கும் கொடுமை. அந்தத் தாய் உண்மையைச் சொல்லவும் மாட்டாள்.

இனி அந்த வாசகருக்கு. உங்கள் பத்திரிகை வழியாகவே இதை அவருக்குச் சேர்ப்பித்தால் நன்றி.

துறையின் கட்டு வந்ததும் மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். பிழையான இடங்களைப் பக்க எண்ணோடு குறியுங்கள். "அறிக்கை முழுவதும் பொய்" என்று எழுதினால் எந்த அதிகாரியும் அதை வைத்து எதையும் மாற்ற ஏலாது. "இந்தப் பக்கத்தில் 200 மீற்றர் நடப்பேன் என்று இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கத்தில் உள்ள இயன்முறை வைத்தியரின் கடிதத்தில் வேறு இருக்கிறது" என்று எழுதினால் அதைத் தாண்டிப் போவது கடினம். துறையின் பதில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீங்கள் மறுமொழி எழுதலாம். பலருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

வைத்தியரிடம் கடிதம் கேட்கும்போது, இன்றைய நிலையை எழுதித் தரச் சொல்லாதீர்கள். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகமாக ஏமாந்து போகிறார்கள். தீர்ப்பாயம் பார்ப்பது முதல் முடிவு எடுக்கப்பட்ட நாளில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை. அதற்குப் பிறகு நோய் கூடியிருந்தால் அதை இந்த மேன்முறையீட்டில் கணக்கெடுக்க முடியாது, அதற்கு வேறு வழி. ஆகவே முடிவுக் கடிதத்தின் திகதியை உங்கள் குடும்ப வைத்தியரிடம் (ஜீ.பி.) காட்டி, "இந்தக் காலத்தில் என் நிலை எப்படி இருந்தது என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். நோயின் பெயரை மட்டும் எழுதிய கடிதத்தால் பெரிய பயன் இல்லை. எது செய்ய ஏலாது, செய்தால் என்ன ஆகிறது, யார் உதவுகிறார்கள் என்பது வேண்டும். வைத்தியருக்கு அது தெரியாவிட்டால், உங்களோடு வீட்டில் இருக்கிறவர் தான் பார்த்ததை எழுதித் தரலாம். அதுவும் சாட்சியம்தான்.

ஏற்கெனவே ஒரு பிரிவில் கொஞ்சம் கிடைத்து, கூடக் கேட்டு மேன்முறையீடு செய்திருந்தால் ஒரு எச்சரிக்கை. தீர்ப்பாயத்துக்கு இருப்பதைக் கூட்டவும் அதிகாரம் உண்டு, குறைக்கவும் அதிகாரம் உண்டு. அப்படியான கோப்பை விசாரணைக்கு முன்பே விடயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை நிலையங்களில் காசு கேட்பதில்லை.

துறையிலிருந்து போன் வந்தால் பயப்பட வேண்டாம், எடுங்கள். கேள்வி கேட்டால் உங்கள் மோசமான நாளையும் ஓரளவு நல்ல நாளையும் உள்ளபடி சொல்லுங்கள். தொகை சொன்னால், "எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, கூப்பிட்டவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். உங்களுக்காகப் பேச மகளோ மகனோ நண்பரோ இருந்தால், அவரைப் பிரதிநிதியாக முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

கடைசியாக, மேன்முறையீட்டுப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற இடத்தைக் குறிக்காமல் விட்டிருந்தால், விசாரணைத் திகதி வருமுன் இன்றே தீர்ப்பாயத்துக்கு எழுதுங்கள். தமிழ் என்று மட்டும் போடாமல் இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் எழுதுங்கள். செலவு தீர்ப்பாயத்தினுடையது, உங்களிடம் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
வடமேற்கு லண்டன்
(பெயர் வெளியிட வேண்டாம்)